வேலூருக்கு ஒன்றரை டிக்கெட்

"நாளைக்கு வேலூர் போகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொன்ன வாய் மூடுவதற்குள், "அடடா, யாருக்கு உடம்பு?" என்று கேட்பார்கள். வேலூர் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் வேலூர் என்று நம் ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அடுத்த வீட்டு மாமியும் அப்படித்தான் கேட்டாள்.

"யாருக்கும் ஒன்றுமில்லை, மாமி. வேலூர்ச் சிறைச்சாலைப் பக்கம் போய் வருகிறேன்" என்றேன்.

மாமியின் முகம் சட்டென்று மாறிற்று. இரண்டு அடி கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க மனுஷா யாராவது...?" என்று இழுத்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் தெருவுக்கே கேட்கும்படி விசாரிக்கலாம். சிறை என்றால் காதோடு காதாகத்தான்! இந்த இரண்டு குரல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அன்று பெரிதாக நினைக்கவில்லை. வேலூர் போய் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

நான் போனதற்குக் காரணம் ஒரு வாசகி. "எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் அக்கா சிறையில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைகளின் கதி என்ன? தாயைப் பார்க்க அவர்களை விடுவார்களா? எத்தனை நாளைக்கு ஒரு முறை?" என்று கேட்டு எழுதியிருந்தாள். ஆசிரியர் கடிதத்தை என் மேஜையில் வைத்து, "சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதினால் போதாது. ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதும்" என்றார்.

வேலூர் என்றதும் என் மனைவி இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னாள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தக் கத்தரிக்காய்க்குத் தனி மவுசு. ஏழு வயது மகள் ஆற்காட்டு மக்கன் பேடா கேட்டாள். இரண்டையும் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கடைசி நேரத்துப் பிரயாணம் ஆகையால் முன்பதிவில்லாப் பெட்டிதான் கிடைத்தது. அதுவும் நல்லதற்குத்தான்.

* * *

அரக்கோணத்தில் ஒரு பாட்டியம்மாள் ஏறினாள். கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் ஏழு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. நான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"இந்த ரயிலு காட்பாடியிலே நிக்கும் இல்லே, நைனா?" என்று கேட்டாள் பாட்டி.

"நிற்கும், பாட்டியம்மா."

பாட்டி டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். திருத்தணிப் பக்கத்தில் ஒரு கிராமமாம். நாலு மணிக்கே எழுந்து, நடந்து, பஸ் பிடித்து, ரயிலைப் பிடித்திருக்கிறார்கள்.

குழந்தை நல்ல பாவாடை சட்டை அணிந்திருந்தாள். நெற்றியில் பொட்டு, காலில் பாலிஷ் போட்டாற்போல் துடைத்த செருப்பு. ஆனால் தலை மட்டும் பின்னாமல், ஒரு ரப்பர் வளையத்தில் கட்டித் தொங்கிற்று. கையில் சுருட்டிய இரண்டு சிவப்பு ரிப்பன்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"ரிப்பன் இருக்கிறதே, பாப்பா! தலை பின்னிக்கொள்ளவில்லையா?" என்றேன்.

"அம்மா பின்னுவாங்க" என்றாள்.

"அம்மா எங்கே இருக்கிறாள்?"

"வேலூர் ஆஸ்பத்திரியிலே. தம்பி கூட அங்கேதான் இருக்கான். அவனுக்கு மூணு வயசு."

"ஐயோ பாவம், தம்பிக்கும் உடம்பு சரியில்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

பாட்டி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லே. கைப்புள்ளே, ஆத்தாளை விட்டு இருக்காது. அதான் கூட வெச்சிருக்கா."

குழந்தை பாட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் ஓரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சோளிங்கபுரம் தாண்டியது. குழந்தை தூங்கிவிட்டாள் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, பாட்டி என் பக்கம் குனிந்தாள். மாமி பேசிய அதே குரலில் பேசினாள்.

"ஆஸ்பத்திரி இல்லே, நைனா. தொரப்பாடி."

தொரப்பாடி என்றால் வேலூர் ஜில்லாவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஊருக்குத் தெற்கே சிறைச்சாலை இருக்கும் இடம்.

"எம்பொண்ணுதான். ரெண்டு வருஷம் ஆச்சு. சின்னவன் பால் குடிக்கிற புள்ளே, அதனாலே கூட்டிக்கினு போயிட்டா. பெரியவளை நான் வெச்சுக்கினேன். அப்பன்காரன் எங்கே இருக்கான்னே தெரியாது. இதுகிட்டே ஆஸ்பத்திரின்னு சொல்லி வெச்சிருக்கேன். வேறே என்னான்னு சொல்றது? பள்ளிக்கூடத்திலே பசங்க காதிலே விழுந்தா விடுவாங்களா?"

"எத்தனை நாளைக்கு ஒரு முறை வருவீர்கள், பாட்டியம்மா?"

"மாசத்துக்கு ஒரு தபா. அதுவே தலை கீழா நின்னுதான். போனு பேசுறா, இல்லேங்கலே. ஆனா வந்து பார்க்கிறதுன்னா ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸு, ரயிலு, மறுபடியும் பஸ்ஸு, ஒண்ணரை டிக்கெட்டு. போன மாசம் எனக்குக் காய்ச்சல். வரலே. இது மூணு நாள் சரியாச் சாப்பிடலே."

அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். எதுவாக இருந்தாலும், ஜன்னல் ஓரத்தில் சாய்ந்திருந்த குழந்தை அதைச் செய்யவில்லை.

* * *

காட்பாடியில் இறங்கினோம். பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். ஆறு முழுக்க மணல். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னன் இல்லாத கோட்டை, தெய்வம் இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஐந்தாவதாக அந்த ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள். அது சுத்தப் பொய் என்பதால் இங்கே எழுதவில்லை.

தொரப்பாடியில் நீண்ட மதிற்சுவர். வெளியே மரநிழலில் ஏற்கனவே ஒரு சிறு கூட்டம். பெரும்பாலும் பெண்கள். இடுப்பில் குழந்தைகள், கையில் அடையாளச் சீட்டுகள். ஒருவரை ஒருவர் பார்த்து, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். "யாரைப் பார்க்க?" என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

வாசல் நெருங்கியதும் பாட்டி ஒரு காரியம் செய்தாள். குழந்தையின் கன்னத்தில் கையை வைத்து, முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். 'சிறை' என்று எழுதிய பலகை இருந்தது மறுபக்கத்தில்!

எனக்கு உள்ளே போக உரிமை இல்லை. அங்கே எனக்கு உறவு ஒருவரும் இல்லை. "ஒரு மணிக்கு இதே மரத்தடிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போனேன்.

* * *

வேலூர்க் கோட்டையைப் பார்த்திராதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சுற்றிலும் அகன்ற அகழி. கருங்கல் மதில். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், அதன் கல்யாண மண்டபத்துச் சிற்பங்கள். 'தெய்வம் இல்லாத கோயில்' என்ற கேலி இப்போது செல்லாது. நெடுங்காலம் வெளியே இருந்த லிங்கத்தை 1981-ல் கோயிலுக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆற்றுக்குத் தண்ணீர்தான் பாக்கி.

இந்தக் கோட்டைக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. அந்தப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்திராவிட்டால் எனக்கு அது தோன்றியே இருக்காது. சிறைப்பட்ட குடும்பங்கள் வாழ்ந்த கோட்டை இது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டதும், அவருடைய பிள்ளைகளையும் அந்தப்புரத்துப் பெண்களையும் ஆங்கிலேயர் இங்கேதான் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்கு இந்தக் கோட்டைக்குள்ளேயே கல்யாணம் நடந்தது. மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதுதான் பிரசித்தி பெற்ற வேலூர்ப் புரட்சி. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் போன பத்து வருஷத்தில் அடுத்த குடும்பம் வந்தது. இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-ல் பிடிபட்டு, 1816-ல் ராணிகளோடும் உறவினர்களோடும் கப்பலில் சென்னைக்கு வந்து, வேலூர் சேர்ந்தான். 1832-ல் இங்கேயே காலமானான். அவனுக்கு ஒரு மகன் பிறந்ததும் இந்தக் காவலில்தான். கோட்டைக்குள் ஒரு மாளிகைக்கு இன்றும் கண்டி மகால் என்றே பெயர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் மன்னனின் சமாதி இருக்கிறது.

ராஜா கைதியானால், ராணியும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். சுதந்திரம் போயிற்று. ஆனால் காலையில் எழுந்தால் அப்பா முகத்தைப் பார்க்கலாம். குடியானவன் வீட்டில் அப்படியா? தாய் ஓர் ஊர், பிள்ளை ஓர் ஊர், நடுவில் ஒன்றரை டிக்கெட்!

ராஜாக்களோடு வேலூரின் கதை முடிந்துவிடவில்லை. சுதந்திரப் போராட்ட காலத்தில் சென்னை மாகாணத்துப் பெண் சத்தியாக்கிரகிகள் பலரை வேலூர்ப் பெண்கள் சிறையில்தான் அடைத்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி இருந்தார். அம்புஜம்மாள் இருந்தார். கடலூர் அஞ்சலையம்மாளும் இருந்தார்.

அஞ்சலையம்மாளின் கதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியது. 1927-ல் சென்னையில் நீல் துரையின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்துக்குத் தம்முடைய ஒன்பது வயது மகளையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். தாய், மகள் இருவருக்கும் காவல். அந்தச் சிறுமியைத்தான் காந்திஜி பின்னால் லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். 1930-களில் அஞ்சலையம்மாள் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே அனுப்பினார்கள். பிள்ளை பிறந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சிறைக்குத் திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் தெரியுமா? ஜெயில் வீரன்!

அன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. தேசத்துக்காகப் போன சிறை, பெருமை. அது சரிதான். ஆனால் மடியில் கிடந்த குழந்தைக்குத் தேசம் தெரியுமா, குற்றம் தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் வாசனை ஒன்றுதான். அது அன்றைக்கும் ஒன்றுதான், இன்றைக்கும் ஒன்றுதான்.

* * *

கோட்டை அகழியோரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடமிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்த குறிப்புகளைப் பிரித்தேன். வாசகியின் கேள்விகளுக்குப் பதில் அதில் இருந்தது.

நம் நாட்டில் தாயோடு சிறையில் இருக்கும் குழந்தைகளைப் பற்றிய பெரிய தீர்ப்பு 2006 ஏப்ரல் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வந்தது. ஆர்.டி. உபாத்யாய் என்ற வழக்கறிஞர் 1994-ல் தொடுத்த வழக்கு அது. ஆறு வயது நிறையும் வரை குழந்தை தாயோடு இருக்கலாம். சிறைக்குள் இருந்தாலும் அந்தக் குழந்தையைக் கைதியைப் போல் நடத்தக் கூடாது. அதற்குத் தனி உணவு, உடை, வைத்தியம் கொடுக்க வேண்டும். மூன்று வயது வரை குழந்தைகள் காப்பகம், மூன்று முதல் ஆறு வரை பாலர் பள்ளி வேண்டும். கர்ப்பிணிக்கு முடிந்தவரை வெளியே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வேண்டும். சிறையிலேயே பிறந்துவிட்டாலும், பிறப்புச் சான்றிதழில் 'சிறை' என்று எழுதக் கூடாது. அந்தப் பகுதியின் விலாசத்தைத்தான் எழுத வேண்டும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் காகிதத்தை நீட்டும்போது யாரும் குரலைத் தாழ்த்தக் கூடாதல்லவா?

ஆறு வயது நிறைந்தால்? தாய் விரும்புகிறவர்களிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் சமூக நலத் துறையின் பொறுப்பில் ஓர் இல்லம். அந்த இல்லமும் கூடிய வரையில் சிறை இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். தூரமே தாய்க்கும் பிள்ளைக்கும் தண்டனை ஆகிவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பொறுப்பில் வளரும் பிள்ளை, வாரத்துக்கு ஒரு முறையாவது தாயைப் பார்க்க அனுமதிக்க வேண்டும்.

படிக்கும்போதே எனக்கு ரயில் பாட்டியின் ஞாபகம் வந்தது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு வாரம் ஒரு முறை. அழைத்துப்போக ஆள் உண்டு, இல்லமும் அதே ஊரில் இருந்தால் தொல்லை இல்லை. பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கு? சிறையின் பொதுவான நேர்காணல் நாள்கள் உண்டு. ஆனால் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாதம் அம்மா இல்லை. பெண்களுக்கென்று இருக்கும் தனிச் சிறைகளைத் தமிழ்நாட்டில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆகவே தாய் இருக்கும் ஊர் ஒன்று, பாட்டி இருக்கும் ஊர் ஒன்று என்றுதான் அமையும்.

பார்ப்பது யாருடைய உரிமை? கைதிக்குக் காட்டும் சலுகை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை வேறு மாதிரி சொல்கிறது. தாயையோ தகப்பனையோ பிரிந்திருக்கும் குழந்தைக்கு, அவர்களோடு நேரில் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை உண்டு, குழந்தையின் நன்மைக்கு அது விரோதமாக இருந்தாலொழிய. உரிமை குழந்தையுடையது! இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றிருக்கிறது.

இன்னொன்று 'பாங்காக் விதிகள்'. பெண் கைதிகளுக்காக 2010-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 70 விதிகள் அவை. குழந்தையோடு நடக்கும் சந்திப்பு, குழந்தைக்கு நல்ல அனுபவமாக இருக்க வேண்டும், தாயும் பிள்ளையும் தொட்டுப் பேச இடம் தர வேண்டும் என்கிறது 28-வது விதி. சிறைக்குள் தவறு செய்தாள் என்பதற்காகக் குழந்தையைப் பார்க்க விடாமல் தண்டிக்கக் கூடாது என்கிறது இன்னொரு விதி.

தொட்டுப் பேச! இதற்கு ஏன் ஒரு விதி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றிற்று. 2020-ல் கொரோனா வந்து சிறைகளில் நேர்காணலையே நிறுத்தியபோது, தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோ மூலம் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். முகம் பார்த்தாயிற்று, குரல் கேட்டாயிற்று, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் அன்று சாயங்காலம் ரயிலில் எனக்குக் கிடைத்தது.

* * *

ஒரு மணிக்குத் தொரப்பாடி மரத்தடிக்குப் போனேன். பாட்டியும் குழந்தையும் வெளியே வந்தார்கள். காலையில் பார்த்த குழந்தையா இவள்! இரட்டைப் பின்னல். ஒரு மயிர் பிசிறில்லாமல் படிய வாரி, இறுக்கிப் பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பனைப் பூப்போல் முடிந்திருந்தாள் தாய். குழந்தை நடக்கும்போது தலையை ஆட்டாமல் ஜாக்கிரதையாக நடந்தாள். தலையில் பால் குடம் வைத்திருப்பவள் மாதிரி!

"தம்பி எப்படி இருக்கிறான்?" என்றேன்.

"அ, ஆ சொல்றான். 'ஈ'யை மட்டும் விட்டுட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் பெருமையாக.

பாட்டியின் மஞ்சள் பையில் தயிர்சாதம் இருந்தது. எனக்கும் ஒரு பிடி கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேட்டால் போதும். சின்னவனுக்கு ஆறு வயது ஆகும்போது என்ன செய்வது, கைதிக்கு விடுப்பு கேட்பது எப்படி என்று எல்லாவற்றையும் காசில்லாமல் அங்கே விசாரிக்கலாம். பாட்டி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. விலாசத்தை எழுதி வாங்கி, டிக்கெட் முடிந்த முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

"சின்னவன் வந்துட்டா ரெண்டு அரை டிக்கெட்டு, நைனா. அப்புறம் ஆத்தாளைப் பார்க்க ரெண்டையும் கூட்டிக்கினு வரணும்" என்றாள். கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

மக்கன் பேடா இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்தேன். கத்தரிக்காயை மறந்தே போனேன். அதற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனை வேறு விஷயம்.

* * *

திரும்பும் ரயிலில் பாட்டி உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். நாலு மணிக்கு எழுந்த உடம்பல்லவா?

குழந்தை பாட்டியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"மாமா, காலையிலே நான் தூங்கலே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூங்கவில்லையா?"

"நீங்க பேசினது கேட்டேன். ஆனா எனக்கு முன்னாடியே தெரியும். நான் ரெண்டாங்கிளாஸ். போர்டு படிப்பேன்."

"பாட்டியிடம் ஏன் சொல்லவில்லை?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா பாட்டி அழுவும்."

ரயில் வாலாஜா ரோட்டைத் தாண்டிற்று. கொஞ்ச நேரம் ரிப்பன் நுனியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னிக்கு அம்மாகிட்டே சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாய்?"

"அம்மா தலை பின்னும்போது, 'இது ஆஸ்பத்திரி இல்லேன்னு எனக்குத் தெரியும்மா, நான் யார்கிட்டேயும் கோவமா இல்லே'ன்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாள்?"

"ஒண்ணுமே சொல்லலே. பின்னினதை எல்லாம் அவுத்துட்டாங்க. அப்புறம் மொதல்லேருந்து மறுபடியும் பின்னினாங்க."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியதாயிற்று.

தொலைபேசியில் அந்தக் குழந்தை இதைச் சொல்லியிருக்க முடியுமா? கண்ணாடித் திரையில் முகம் பார்த்துச் சொல்லியிருப்பாளா? சொன்னாலும், அந்தத் தாய் என்ன பதில் சொல்லியிருப்பாள்? அவளிடம் இருந்த பதில் வாயில் இல்லை, பத்து விரல்களில் இருந்தது. பாங்காக் விதி எதற்கு எழுதினார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அரக்கோணத்தில் பாட்டியை எழுப்பி, பையை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையின் ரகசியத்தை நான் சொல்லவில்லை. ஆனாலும், "பாட்டியம்மா, குழந்தைக்கு விவரம் தெரிகிற வயசு. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவள் தாங்குவாள்" என்றேன்.

"பார்க்கலாம், நைனா" என்றாள் பாட்டி. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிளாட்பாரத்தில் இரண்டு சிவப்பு ரிப்பன்களும் கூட்டத்தில் மறையும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுதிய வாசகிக்கு என் பதில் இதுதான், அம்மா. உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், அக்காளைப் பார்க்கக் குழந்தையை அழைத்துப்போக ஒரு நாள் லீவு கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுங்கள். சம்பளம் பிடிக்காதீர்கள். முடிந்தால் பஸ் செலவுக்கும் சேர்த்துக் கொடுங்கள். எந்தெந்த நாளில் பார்க்கலாம், என்ன அடையாளச் சீட்டு வேண்டும் என்பதை அந்தச் சிறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், பக்கத்தில் உட்காராதே என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கதவு வரையில் குழந்தையை அழைத்துப்போக ஒரு கை வேண்டும். அவ்வளவுதான்.

இரவு வீடு திரும்பியபோது மாமி வாசலில் நின்றிருந்தாள். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "போன காரியம் என்ன ஆச்சு? யாரைப் பார்த்தேள்?" என்றாள்.

"ஒரு குழந்தை சிறையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள், மாமி! இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டு வந்தாள்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

மாமி ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். பிறகு அவளும் உரத்த குரலிலேயே கேட்டாள்: "அடடா! அடுத்த மாசம் எப்போ வரும் அந்தக் குழந்தை? எங்காத்திலே புது ரிப்பன் இருக்கு!"